ரீக் மலையில் 29 சுற்று

கதவு பூட்டியிருந்தது. 764 மீட்டர் உயரம் ஏறிப் போய் நின்றால், உச்சியில் ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம், அதற்கொரு கதவு, கதவில் பூட்டு. ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் வேறென்ன எதிர்பார்த்தேனோ! அடிவாரத்திலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், முரிஸ்க் என்று ஒரு கிராமம். டப்ளினிலிருந்து ரயிலில் வெஸ்ட்போர்ட் வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஒரு பக்கம் க்ளூ விரிகுடா, மறுபக்கம் க்ரோ பாட்ரிக் மலை, நடுவில் ஒரே சாலை. அதன் ஓரமாகச் சில வீடுகள், ஒரு மதுக்கடை, இடிந்த மடம் ஒன்று. ஊர் அவ்வளவுதான். மலையை இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ரீக்' என்றால் போதும். வீட்டுப் பெரியவரைச் செல்லப்பெயரில் சொல்வது போல இருந்தது.

அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித பாட்ரிக் 441-ஆம் ஆண்டில் இந்த உச்சியில் 40 நாள் நோன்பிருந்தார் என்பது மரபு. அவர் வரும் முன்பே மலை புனிதமாகத்தான் இருந்திருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி போஹே என்ற இடத்தில், ஆதி மனிதர்கள் வட்டம் வட்டமாகச் செதுக்கிய பாறை ஒன்று உண்டு. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய நாட்களில் அங்கே நின்று பார்த்தால், மறையும் சூரியன் சட்டென்று விழாமல் ரீக்கின் சரிவில் உருண்டு இறங்குவது போலத் தெரியுமாம். ஜூலை கடைசி ஞாயிறு பெருங்கூட்டம் ஏறுகிற நாள். பழைய அறுவடைத் திருவிழாக் காலமும் அதை ஒட்டியதுதான். புதுச் சாமி வந்தாலும் திருவிழாத் தேதியை மாற்ற ஊர் சம்மதிக்காது போலும்.

அடிவாரப் பலகையில் வழிபாட்டு முறை எழுதியிருக்கிறது. படித்ததும் எனக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் ஒருசேர வந்தன. முழுக்க முழுக்கச் சுற்றுதான்! பாட்ரிக்கின் சீடர் பெனிக்னஸின் பெயரால் உள்ள கற்குவியலை 7 முறை சுற்ற வேண்டும். உச்சியில் தேவாலயத்தை 15 முறை, 'பாட்ரிக்கின் படுக்கை' எனும் இடத்தை 7 முறை. பிறகு மேற்குச் சரிவில் 'மரியாளின் கல்லறைத்தோட்டம்' என்று ஓரிடம்; அங்கே மூன்று கற்குவியல்களை ஏழேழு முறை, கடைசியாக அந்த வளாகத்தையே 7 முறை. மொத்தம் 57. சுற்றுக்கேற்ப ஜெபமும் உண்டு. பிள்ளையார் கோவிலில் 108 சுற்றுவதற்காக அம்மா புளியங்கொட்டைகளை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு போவது நினைவுக்கு வந்தது.

முதல் கற்குவியல் கூம்பின் அடியில், மலை சற்றே மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது. எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி சுற்றிக்கொண்டிருந்தார். இடது கையில் கூழாங்கற்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று கீழே விழும். கேட்டேன். "எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே வந்தது வீண்போகவில்லை. நானும் ஏழு கற்களைப் பொறுக்கினேன். காலணியையும் கழற்றினேன், பெருநாளில் பலர் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குவார்ட்சைட் கல், உடைந்த ஓடு மாதிரி குத்தும். ஐந்தாவது சுற்றில் பக்தி தோற்றது, காலணி ஜெயித்தது. பாட்டி பார்த்தும் பார்க்காதது போலப் போனார்.

அதற்குமேல் கூம்பு. முன்பெல்லாம் சரளை காலடியில் நழுவி, இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குமாம். அண்மைய ஆண்டுகளில் ஒரு சிறு குழு மலையின் கல்லையே எடுத்துக் கையால் அடுக்கி வழியைச் சீராக்கியிருக்கிறது. அப்படியும் முழங்கால் முணுமுணுத்தது. 1970-கள் வரை பெருநாள் கூட்டம் இந்த வழியில் இரவில்தான் ஏறியிருக்கிறது. 1113-இல் பாட்ரிக் திருநாள் இரவில் இங்கே நோன்பிருந்தவர்களில் 30 பேரை இடி கொன்றது என்று பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 2015-இல் மோசமான வானிலையால் பெருநாள் ஏற்றத்தை ரத்து செய்தார்கள். அப்போதும் நூற்றுக்கணக்கானோர் ஏறினார்கள். அப்படிப்பட்டவர்களை இறக்கிக் கொண்டுவர மலை மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதுவும் வழிபாட்டில் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

உச்சியில் பூட்டிய கதவைக் கண்டு நான் விழித்துக்கொண்டிருக்க, பாட்டி கதவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டார், சுற்றத் தொடங்கினார். நானும் பின்னாலேயே. இந்தத் தேவாலயம் 1905-இல் கட்டியது. சாலை இல்லாத மலை. பொருள்கள் அத்தனையும் சுமந்தே மேலே வந்திருக்கின்றன. இதற்கு முன்னோடியாக இங்கே ஒரு சிறு கல் ஆலயம் இருந்ததை 1990-களில் அகழ்ந்து கண்டார்கள். அதன் காலம் 430-க்கும் 890-க்கும் இடைப்பட்டது. ஒன்பதாவது சுற்றில் மேகம் விலகியது. கீழே விரிகுடா முழுக்கத் தீவுகள். நாளுக்கு ஒன்றாக 365 என்பது ஊர்க்கணக்கு, யாரும் சரிபார்ப்பதில்லை. எனக்கும் அப்போது என் கணக்கு தவறிவிட்டது. பாட்டி சொன்ன விதிப்படி முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த மலைக்குள் தங்கமும் இருக்கிறது. 1980-களில் அது தெரியவந்தபோது தோண்ட ஆள் வந்தார்கள். வேலை குறைந்த வட்டாரம், இளைஞர்கள் வெளியூருக்குப் போகிற காலம். இருந்தும் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்று சுரங்கத்தை வரவிடாமல் செய்தார்கள். தங்கம் இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

பாட்டி மேற்குச் சரிவில் இறங்கிப் போனார், மீதியை முடிக்க. எனக்கு மாலை பஸ் இருந்தது.

இறங்கியதும் சாலையைக் கடந்து மடத்துக்குப் போனேன். 1457-இல் அகஸ்தீனத் துறவிகளுக்காக எழுந்தது. நிலம் கொடுத்தது ஓ'மாலி குலம். கூரை இல்லை. சுவருக்குள் புல்லும் கல்லறைகளும். அதற்கு முன்னால் வெண்கலக் கப்பல் ஒன்று, 1845-49 பெரும்பஞ்சத்தின் தேசிய நினைவுச்சின்னம். பாய்மரக் கயிறுகள் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் காற்றில் பறக்கின்றன. உருளைக்கிழங்கு அழுகிய அந்த ஆண்டுகளில் பட்டினிக்குத் தப்பிக் கப்பலேறி, கடலிலேயே செத்தவர்களுக்காக. மேயோவில் 1841-இல் 3,88,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 2,74,000. மலையில் பேசிக்கொண்டே இறங்கியவர்கள் அந்தக் கப்பலருகே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மதுக்கடையில் தேநீரும் கிடைக்கும். பக்கத்து மேசைக்காரர் சேறு படிந்த என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "மேற்குப் பக்கமும் போனீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விரல்விட்டு எண்ணினார். "அப்படியானால் 28 பாக்கி."

பாக்கெட்டில் கைவிட்டேன். கீழே போட மறந்த கூழாங்கல் ஒன்று இருந்தது. அப்படிப் பார்த்தால் 29.