எலும்பு பொருந்தினால் போதுமா?

“எலும்பு கச்சிதமா உட்காருதே சார், போதாதா?” என்று இளம் டாக்டர் கேட்டார். புராஸ்டேட் புற்றுக்குக் கதிர்வீச்சுத் திட்டம் போட, ஒரு நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தை எலும்பை வைத்து அவருடைய சி.டி. படத்தின்மேல் பொருத்திக்கொண்டிருந்தோம். போதாது என்றேன். அந்தப் பதிலில் சந்தேகமில்லை. அதன்பின் எடுத்த முடிவுதான் இன்னும் உறுத்துகிறது.

சி.டி. எடுத்தபோது மலக்குடல் காலி. இரண்டு நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வாயு நிறைந்திருந்தது. அது தள்ளியதில் புராஸ்டேட் சுரப்பியின் மேல்பகுதி 5 மி.மீ. முன்னால் சாய்ந்துவிட்டது, கீழ்நுனி அவ்வளவாக அசையவில்லை. எலும்பை நம்பி பியூஷன் செய்து (இரு படங்களையும் ஒன்றாகப் பொருத்தி), எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் கான்டூர், அதாவது சுரப்பியின் எல்லைக்கோடு, வரைந்தால், மேல்பகுதிக் கோடு சுரப்பியைவிட்டு முன்னால் விழும். பின்பக்கம் நாம் சுரப்பியைச் சுற்றிப் பாதுகாப்புக்காகக் கூடுதலாக விடும் மார்ஜினே 5 மி.மீ.தான், கட்டி பெரும்பாலும் இருப்பதும் பின்பக்கம்தான். தினசரி அசைவு ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. இந்தப் பிழை சிகிச்சையின் 20 தவணையிலும் ஒரே பக்கம்.

இடத்தை அடையாளம் காட்டச் சுரப்பிக்குள் வைக்கும் தங்க மணி இவருக்கு வைக்கவில்லை. சுரப்பிக்குள் ஒரு சுண்ணாம்புப் படிவு இருந்தது: சி.டி.யில் வெள்ளைப் புள்ளி, எம்.ஆர்.ஐ.யின் கிரேடியன்ட் எக்கோ படத்தில் கருப்புப் புள்ளி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். ஒற்றைப் புள்ளி நகர்வைச் சரிசெய்யும், சாய்வைச் சரிசெய்யாது. சாய்வை, சுரப்பியின் பின்விளிம்பைப் பார்த்துக் கண்ணளவில் திருப்பினேன்.

அடுத்து கீழ்நுனி. சி.டி.யில் அது எங்கே முடிகிறதென்று தெளிவாகத் தெரியாது. வழக்கம்போல் கூடுதலாகவே வரைந்திருந்தோம். எம்.ஆர்.ஐ.படி 3 மி.மீ. ஸ்லைஸில் (குறுக்குவெட்டுப் படத்தில்) இரண்டைக் கழிக்கலாம். கழித்தால் ஆணுறுப்பின் வேர்ப்பகுதிக்கும் சிறுநீரை அடக்கும் தசைக்கும் டோஸ் குறையும். பியூஷன் தவறென்றால் வெட்டுப்படுவது சுரப்பி. டாக்டர் ஒன்றைக் கழித்தார், ஒன்றை வைத்துக்கொண்டார். எந்தப் படமும் அப்படிச் சொல்லவில்லை.

மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாம். நோயாளி வெகுதூரத்திலிருந்து வருகிறவர், ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று அன்று சொல்லிக்கொண்டேன். ஹார்மோன் ஊசி போட்டிருக்கும்போது புராஸ்டேட் புற்றில் ஒரு வாரம் பெரிய விஷயமில்லை என்பதும் தெரியும். 60 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) முழுச் சுரப்பிக்கும் போவதால் இந்தப் பிழையை மார்ஜின் ஓரளவு தாங்கும் என்பது என் வாதம். ஃபிளேம் என்ற புராஸ்டேட் கதிர்வீச்சு ஆய்வில்போல முழுச் சுரப்பிக்கு 77 கிரே, கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை என்றிருந்தால் நிச்சயம் மறுத்திருப்பேன். அப்படியானால், மார்ஜின் தாங்கும் என்பதற்காகத் தவறை அதற்குள் ஒளித்துவைத்தேனா?

முதல் நாள், சிகிச்சை மேசையிலேயே எடுக்கும் கோன் பீம் சி.டி.யில் அந்தச் சுண்ணாம்புப் புள்ளி சரியாக உட்கார்ந்தது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது சி.டி.யோடு பொருந்தியதற்குத்தான் சாட்சி. எம்.ஆர்.ஐ.யிலிருந்து வந்த கோடு சரிந்திருந்தால், அதைச் சொல்ல அந்தப் புள்ளியால் முடியாது.