விளக்கு எரிந்தது, பேட்டரி இணையவில்லை

நேற்று இரவு ஷோர் பவர் (வெளி மின் இணைப்பு) பிளக்கைப் பிடுங்கியதும் மோட்டார்ஹோம் மொத்தமும் இருண்டுவிட்டது. புது லித்தியம் பேட்டரி இரண்டையும் பூட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபர்னஸ் (ஹீட்டர்) விசிறி எல்லாம் ஒழுங்காக ஓடின. “வேலை முடிந்துவிட்டது என்றீர்களே?” என்று இருட்டில் மனைவியின் குரல் வந்தது.

பழையவை இரண்டும் 6 வோல்ட் ட்ரோஜன் டி-105 ஈய-அமில பேட்டரிகள். அரிசோனா வெயிலில் தண்ணீர் ஊற்ற மறந்தது நான்தான். மூடியைத் திறந்தால் தகடுகள் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் 28 கிலோ. வாசல் படிக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து குனிந்தபடியே தூக்க வேண்டும். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

புதியவை வந்துசேரத் தாமதமானதால், இடையில் பேட்டரியே இல்லாமல் 30 ஆம்ப் ஷோர் பவர் இணைப்பில் குடியிருந்தோம். ஜனவரிக் குளிர். வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் 55 ஆம்ப் கன்வர்ட்டருக்கு ஃபர்னஸ் விசிறியெல்லாம் ஒரு சுமையே இல்லை. பிரிட்ஜை 120 வோல்ட்டில் ஓட்டினாலும் அதன் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். அதையும் கன்வர்ட்டரே கொடுத்தது. ஸ்லைடை (வெளியே நீளும் அறைப் பகுதியை) மட்டும் நான் தொடவில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் ஆம்பைத் தாங்கப் பேட்டரி வேண்டும். மிகப் பழைய கன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி இல்லாவிட்டால் அதன் வோல்ட் அலைபாயும், போர்டுகள் கெட்டுப்போகலாம்.

என்னைப் படுத்தியது வயர் முனைகள்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும், கன்வர்ட்டர் ஓடும்வரை பாசிட்டிவ் முனையில் 13.6 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அது இரும்புத் தட்டில் பட்டால் பொறி பறக்கும். இரு பக்கமும் மும்மூன்று லக் (வயர் முனை வளையம்); கேஸ் டிடெக்டரின் மெல்லிய வயரும் அதில் சேர்த்தி. அவற்றைத் தனித்தனியாக விட்டால் டிடெக்டர் செத்துவிடும் என்று ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு போல்ட்டில் கோத்து முறுக்கி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, மேலே காகித டேப் ஒட்டிப் பேனாவால் கூட்டல், கழித்தல் குறி போட்டேன். பிறகு தட்டில் பூத்திருந்த உப்பைச் சமையல் சோடாத் தண்ணீரால் கழுவினேன். அந்தத் தண்ணீர் பேனா மையையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

மாட்டும்போது பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். கார்ப் பழக்கத்தில் கறுப்பு வயரை நெகட்டிவ் என்று நினைத்துவிட்டேன். இந்த வண்டியில் வெள்ளைதான் நெகட்டிவ், கறுப்பு பாசிட்டிவ். ‘டப்’ என்று ஒரு பொறி. பதறி, மாற்றிப் பூட்டி, பிரேக்கரைப் போட்டேன். எல்லா விளக்கும் எரிந்தன. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்டிமீட்டர் வைத்தால், பேட்டரியில் 13.3, ஃபியூஸ் பேனலில் பூஜ்யம். பேனலில் அருகருகே இரண்டு 40 ஆம்ப் ஃபியூஸ், இரண்டின் இழையும் உருகியிருந்தன. துருவம் மாறினால் எரிவதற்கென்றே வைத்தவை; தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கின்றன. அவை பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கின்றன. கன்வர்ட்டரோ பேனலுக்கு நேராக மின்சாரம் கொடுக்கிறது. அதனால் பிளக் இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. மாட்டிய அன்றே, பிளக் இருக்கும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்திருந்தால் 13.6 வராததைப் பார்த்திருப்பேன். அரை நிமிட வேலை.

கையில் 30 ஆம்ப் ஃபியூஸ்தான் இருந்தது. காலையில் போன முதல் கடையில், இதுதான் பொருந்தும் என்று அடித்துச் சொல்லிப் பெரிய அளவு ஃபியூஸைத் தலையில் கட்டினார்கள், பொருந்தவில்லை. அடுத்த கடையில் சரியானது கிடைத்தது. ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். பழைய பேட்டரிகளையும் கொடுத்தாகிவிட்டது.

இந்தக் கன்வர்ட்டர் 13.6-ஐத் தாண்டுவதில்லை, லித்தியத்தை வேகமாக நிரப்ப 14.4 வேண்டும். லித்தியம் முறை உள்ள கன்வர்ட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரிகளை சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், படிக்கடியிலிருந்து உள்ளே, சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் கொண்டுபோகவும் எண்ணம். அதற்கு முன் இவற்றைத் தட்டோடு பிடிக்கும் பட்டை வர வேண்டும். இப்போதைக்குத் துணி காயப்போடும் கயிற்றால் கட்டியிருக்கிறேன், வண்டியை நகர்த்தவில்லை.