தடைக்காலத்தில் நின்றுபோன ஃப்ரீசர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு டீப் ஃப்ரீசர் அதற்கு முன்பே நிரம்பிவிடும். பாறை, நகரை, கணவாய் எல்லாம் கழுவி, வேளைக்கு ஒரு பையாகக் கட்டி அடுக்குவோம். இந்த வருஷம் தடை தொடங்கிய நாலாம் நாள் காலை, மேலாக இருந்த கணவாய்ப் பையை எடுத்தேன். விரல் அமுங்கியது.

வந்த மெக்கானிக் உள்ளே கைவைத்துப் பார்த்தார். "கேஸ் போயிருச்சு, 3,500 ஆகும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி முழுக்க அந்தப் பெட்டி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. சில நொடி முனகல், ஒரு 'டிக்', அப்புறம் அமைதி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே.

பாம்பனில் போட் வயரிங் வேலை பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"பக்கத்துத் தகடு சுடுதா மதினி?"

"இல்லப்பா, சும்மாதான் இருக்கு."

"அப்ப கம்ப்ரசரே ஓடல. கேஸ் கொறஞ்சா நிக்காம ஓடும், குளிர்தான் வராது. பிளக்கப் புடுங்கிட்டு மூடியத் தொறக்காம வைங்க. நான் வாரேன்."

இந்த மாதிரிப் பெட்டியில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத்துத் தகட்டுக்கு உள்பக்கம்தான் ஓடுகிறது. ஓடும்போது தகடு வெதுவெதுப்பாக இருக்கும். இத்தனை வருஷம் அதைத் துடைக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

வந்ததும் முதலில் கரண்டை அளந்தார். வோல்டேஜ் குறைந்தாலும் இதே முனகல் வருமாம். 226 காட்டியது, குறையில்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கம்ப்ரசரின் மூன்று பின்னில் செருகியிருந்த சின்னக் கறுப்பு டப்பாதான் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே. அந்தப் பின்கள் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தன, உப்புக்காற்று செய்த வேலை. ரிலேயை என் காதோரம் ஆட்டிக் காட்டினார். புளியங்கொட்டை போட்ட டப்பா மாதிரி கலகலத்தது. உள்ளே இருக்கும் வில்லை உடைந்துவிட்டது. அது இல்லாமல் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முக்கும், சூடேறும். சூடு தாங்காமல் ஓவர்லோடு என்ற பாதுகாப்புச் சுவிட்ச் கரண்டைத் துண்டிப்பதுதான் அந்த 'டிக்'.

ராமநாதபுரத்தில் ரிலேயும் ஓவர்லோடும் சேர்த்து 420 ரூபாய். பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். 'டிக்' வரவில்லை. கால்மணி நேரத்தில் தகட்டில் கைவைத்தேன், சூடு ஏறியிருந்தது. ரிலே மாற்றியும் அந்தச் சத்தம் நிற்காவிட்டால்தான் கம்ப்ரசரைச் சந்தேகப்பட வேண்டும் என்றார்.

நிறைந்த பெட்டி, மூடியைத் திறக்காவிட்டால் ரெண்டு நாள்வரை தாங்கும். அடியில் இருந்ததெல்லாம் கல்லாகவே கிடந்தது. மேலே இளகியும் சில்லிப்பு போகாமல் இருந்த கணவாயை அன்றைக்கே சமைத்துப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். இளகிய பாறையை மாமியார் கீறி உப்பு வைத்தார். வெயில் நல்ல வெயில். நாலு நாளில் மொட்டைமாடியில் கருவாடாகிவிட்டது.

பெட்டி இப்போது கடல் பக்க ஜன்னலடியில் இல்லை, நடுவீட்டுக்கு வந்துவிட்டது.