ஏப்ரலில்தான் திறக்கும்

பிப்ரவரி 22, ஞாயிறு. மில்வாக்கி

94-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஏரிக்கரையை ஒட்டியே வந்தேன். சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தால் ஒன்றரை மணி நேரம். சாயங்காலத்துக்குள் வந்து சேர் என்று சொல்ல யாருமில்லை, அதனால் ரசீனில் நிறுத்தி ஒரு தூக்கமும் போட்டேன்.

கலைக்கூடத்தின் இறக்கையைப் பார்க்கத்தான் வந்தது. ஸ்பெயின்காரர் சாந்தியாகோ கலத்ராவா வரைந்த கட்டடம், 2001-ல் முடிந்தது. கூரைமேல் 72 இரும்புத் தண்டுகள், விரித்தால் 217 அடி அகலம். காலையில் விரியும், நண்பகலில் ஒருமுறை மடங்கி விரியும், சாயங்காலம் மூடும். காற்று மணிக்கு 23 மைலைத் தாண்டினால் தானாகவே மூடிக்கொள்ளும். இன்று ஏரிக்காற்று காதைப் பிய்த்தது. மூடியேதான் கிடந்தது. பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பாட்டி, பன்னிரண்டு அடிக்கட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். நானும் கூடவே நின்றேன். பன்னிரண்டேகாலுக்குப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள்.

வக்கீல் அலுவலகத்து மெயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படி வரும்.

பிப்ரவரி 23

அக்கா போன் செய்தாள். "தனியா எதுக்குடி இப்படிச் சுத்துற? வீட்ல இருந்தா அந்தப் பேப்பர் வராதா?" வரும்தான். வீட்டில் இருந்தால் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன், அதுதான் தொல்லை. இதைச் சொன்னால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவாள். "குளிர் இல்லக்கா, நல்லா இருக்கு" என்றேன். 11 டிகிரி. ஃபாரன்ஹீட்டில்.

பிப்ரவரி 25. மேடிசன்

இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். அதன்மேல் தலைமைச் செயலகத்தின் வெள்ளைக் கருங்கல் கோபுரம். உள்ளே போக டிக்கெட் கிடையாது, சோதனை கிடையாது, சும்மா கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். எனக்கு இது இன்னும் பழகவில்லை. மேல்மாடத்துக்குப் போகும் வழியை மட்டும் அடைத்திருந்தார்கள். கோடையில்தானாம்.

மென்டோட்டா ஏரிமேல் மனிதர்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். பனியில் துளை, துளைக்குள் தூண்டில். இந்த ஏரி எப்போது உறைந்தது, எப்போது உருகியது என்று 1850-களிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி முடிவு செய்வார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது: பிக்னிக் பாயின்ட் முனையிலிருந்து எதிர்க்கரை மேப்பிள் ப்ளஃப் வரை துடுப்புப் படகில் போக முடியுமா, முடியாதா? முடிந்தால் ஏரி திறந்துவிட்டது. அவ்வளவுதான். பனி நிற்கும் காலம் நூற்றைம்பது வருஷமாகச் சுருங்கிக்கொண்டே வருவது அந்த ஏட்டிலேயே தெரிகிறது.

என் விஷயத்துக்கும் யாராவது இப்படி ஒரு படகு வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 26

டுபியூக் போகும் வழியில் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல ஒரு புள்ளி, மிளகு அளவு. ஒன்றுமில்லை.

பிப்ரவரி 27. டுபியூக்

ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கக் கூடாது. ராத்திரி குளிரில் நின்ற வண்டியில் காலையில் ஏறியதும் ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். புள்ளியிலிருந்து வலது பக்கமாக ஒரு கோடு கிளம்பிவிட்டது. விரல் நீளம்.

இந்த ஊரில் ஃபெனலன் ப்ளேஸ் என்றொரு செங்குத்து ரயில். பழனி விஞ்ச்சின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், 296 அடி நீளம்தான். 1882-ல் கிரேவ்ஸ் என்ற பேங்க்காரர் தனக்காகப் போட்டுக்கொண்டது. வேலை மலைக்குக் கீழே, வீடு மலைக்கு மேலே. குதிரை வண்டியில் சுற்றிக்கொண்டு போக அரை மணி நேரம் ஆகுமாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்க வேண்டுமே என்று தண்டவாளமே போட்டுவிட்டார். வாழ்க்கையில் தெளிவு என்றால் இது. அப்புறம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஏறக் கேட்டார்களாம்.

கீழே பலகை: ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை.

சரி. படியேறினேன். மேலே போனால் மிசிசிப்பி, அதற்கு அந்தப்பக்கம் இல்லினாயும் விஸ்கான்சினும், மூன்று மாநிலங்கள் ஒரே பார்வையில். எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறம். பனி போயும் போகாமலும், புல் வந்தும் வராமலும் இருக்கிற இந்த நேரத்தில் இந்தப் பகுதியை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள்.

பிப்ரவரி 28. டேவன்போர்ட்

விரிசல் நகரவில்லை. ஹீட்டரைப் போடாமல் கம்பளித் தொப்பியோடு ஓட்டினேன்.

மார்ச் 1

இங்கேயே இன்னொரு நாள். காரணம் கழுகுகள். அணைக்குக் கீழே தண்ணீர் உறைவதில்லை, கதவுகளைத் தாண்டி அடிபட்டு வருகிற மீன் மேலே மிதக்கும். அதனால் வடக்கே எல்லாம் உறைந்த பிறகு வெண்தலைக் கழுகுகள் படகுகளை ஏற்றி இறக்கும் இந்தப் பூட்டணைகளுக்கு வந்துவிடுகின்றன. லெக்ளேரில் 14-ஆம் அணைக்குப் பக்கத்தில் ஒரே மரத்தில் ஏழெட்டு. இந்நாட்டு முத்திரையில் இருக்கிற பறவை, டிடிடி தெளித்துத் தெளித்து ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. 1972-ல் அதைத் தடை செய்தார்கள், 2007-ல் அழிவுப் பட்டியலிலிருந்து பறவை வெளியே வந்தது. பக்கத்தில் கேமராவோடு நின்றவர், இன்னும் ஒரு வாரம், வடக்கே பனி உடைந்ததும் இதெல்லாம் கிளம்பிவிடும் என்றார். பார்ஜ் படகுகளும் அப்போதுதான் மேலே வருமாம். எல்லாருக்கும் ஏதோ ஒரு தேதி தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் ஊருக்குள் நடந்தேன். ஆற்றுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே சுவர் இல்லை. மேல் மிசிசிப்பியில் இருக்கிற பெரிய ஊர்களில் நிரந்தர வெள்ளச்சுவர் கட்டாத ஊர் இது. அக்கரையில் ராக் ஐலண்டில் கட்டியிருக்கிறார்கள். இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு தெரிய வேண்டும். 2019 ஏப்ரல் 30 அன்று மண் நிரப்பிய தற்காலிகத் தடுப்பு உடைந்து தண்ணீர் கடைத்தெருவுக்குள் புகுந்தது, மே 2-ல் 22.70 அடி வரை ஏறியது, அதுதான் இதுவரை அதிகம். 15 அடியிலேயே வெள்ளம் என்று கணக்கு.

நான் அந்த ஊர்க்காரியாக இருந்தால் சுவருக்குத்தான் கை தூக்கியிருப்பேன். நடந்துகொண்டே இதைத் தீர்மானமாக நினைத்துக்கொண்டேன். அப்புறம் கரைக்கு வந்தால் வெயில் இறங்குகிறது, இந்த இடத்தில் மட்டும் ஆறு தெற்கே போகாமல் மேற்கே திரும்பி ஓடுகிறது, அதனால் சூரியன் சரியாக ஆற்றுக்குள்ளேயே விழுகிறது. பனிக்கட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகிற சத்தம். ஒரு அம்மாள் நாயை நிறுத்திவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் கடையைத் தூக்கிவைக்கத் தயாராக இருந்துகொண்டு இதையும் பார்ப்பார்களோ? மணல்மூட்டை எங்கே அடுக்கியிருக்கும் என்று தெரிந்துகொண்டே தூங்குவார்களோ? அப்படித் தூங்கப் பழகிவிட்டால் அது நல்லதா, கெட்டதா? மோட்டலுக்கு வந்த பிறகும் இதேதான். ஆனால் தண்ணீர் வந்தால் வரும் என்று எழுதி ஒட்டியாவது இருக்கிறது. அந்த ஊரில் எல்லாருக்கும் அடி கணக்கு தெரியும்.

மார்ச் 2

மெயில் வந்தது. "இன்னும் பரிசீலனையில்." வக்கீல் அலுவலகத்துப் பெண் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறாள்.

மார்ச் 3. செயின்ட் லூயிஸ் போகும் வழி

சந்திர கிரகணம். காலை ஐந்துக்கே எழுந்து மோட்டல் பார்க்கிங்கில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். மேகம் விலகின நேரத்தில் செம்பு நிறமாகக் கொஞ்சம் தெரிந்தது. அக்காவுக்கு அப்போது சாயங்காலம், அங்கே நிலா எழும்பும்போதே கிரகணம். "நீ பாத்தியா? பாக்கக் கூடாதுடி. இன்னைக்குக் கோயிலெல்லாம் நடை சாத்திட்டாங்க." சொல்வதற்குள் பார்த்துவிட்டேன். குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றாள், சரி என்றேன். எப்படியும் குளித்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

விரிசல் ஒரு சாண்.

மார்ச் 4. கஹோக்கியா

செயின்ட் லூயிஸ் வளைவுக்குப் போனேன், 630 அடி, சாரினென் வரைந்தது, 1965-ல் முடிந்தது. ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காரும் ஒரு முட்டைக்குள் அடைத்து மேலே ஏற்றினார்கள். மேலே ஜன்னல் சின்னது. இறங்கிவிட்டேன்.

இதை எழுதவா கையெடுத்தேன், இல்லை. ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கம் போனால் கஹோக்கியா மேடுகள். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயும் திரும்பிப் பார்த்ததில்லை. மங்க்ஸ் மௌண்ட் என்ற பெரிய மேடு நூறடி உயரம், மனிதர்கள் கூடை கூடையாக மண் சுமந்து கட்டினது. சக்கரமும் இல்லை, சுமக்க மாடு குதிரையும் இல்லை. 1050 வாக்கில் ஊர் திடீரென்று பெரிதானது, ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். 1350 வாக்கில் ஊரே காலியாகிவிட்டது. நம் ஊரில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு ஆனது 1010. ஏறக்குறைய ஒரே தலைமுறை! அங்கே கல்லில் யார் எத்தனை விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே ஊருக்கு என்ன பெயர் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. கஹோக்கியா என்பது ரொம்பப் பின்னால் வந்து தங்கின ஒரு கூட்டத்தாரின் பெயர்.

மேலே படியில் யாருமில்லை. காற்று மட்டும். தூரத்தில் வளைவு ஒரு ஊசி போலத் தெரிந்தது. ஏன் போனார்கள் என்பதற்கு வெள்ளம், வறட்சி, சண்டை என்று அறிஞர்கள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். கடைசியாகப் போன குடும்பம் என்ன எடுத்துக்கொண்டு போயிருக்கும்? எனக்கு அட்டைப்பெட்டிகள்தான் ஞாபகம் வருகிறது. சமையல் பாத்திரம், புத்தகம், கொடுத்துவிட வேண்டியவை. கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது?

மார்ச் 5

கிரைண்டரைக் கொடுக்கப் போவதில்லை.

மார்ச் 7. சின்சினாட்டி

இங்கே சாலைக்கு அடியில் ஒரு சுரங்க ரயில் பாதை இருக்கிறது, ஒரு ரயிலும் ஓடியதில்லை. பழைய கால்வாயை வற்றவிட்டு, அதற்குள்ளேயே சுரங்கம் கட்டி, மேலே சென்ட்ரல் பார்க்வே என்று சாலை போட்டார்கள். 1920-ல் வேலை ஆரம்பம். முதல் உலகப் போருக்குப் பிறகு விலை ஏறியது, காசு தீர்ந்தது, ஊரெல்லாம் கார் வாங்கிவிட்டது. இரண்டு மைலுக்கு மேல் சுரங்கம் அப்படியே கிடக்கிறது. 1950-களில் அதற்குள் ஒரு பெரிய தண்ணீர்க் குழாயை விட்டார்கள், அதுதான் அதற்குக் கிடைத்த ஒரே பயணி. பார்க்வேயில் முழு நீளமும் நடந்தேன். கீழே இருக்கிறது என்று தெரிந்து நடக்க வேடிக்கையாக இருந்தது.

ஓஹையோ ஆற்றின்மேல் ரோப்லிங் தொங்குபாலம். ப்ரூக்ளின் பாலத்துக்கு முன்னால் அவர் செய்து பார்த்தது, 1867-ல் திறந்தபோது உலகத்திலேயே நீளமானது. இரும்புச் சல்லடைத் தளத்தில் கார் போனால் ரீங்காரம் கேட்கிறது. கென்டக்கி பக்கம் போய்விட்டு உடனே திரும்பினேன், சத்தத்துக்காகவே.

எல்லாக் கடையிலும் பட்டை வாசனை. மாட்டிறைச்சிக் குழம்பில் பட்டை போட்டு, நூடுல்ஸ் மேல் ஊற்றி, ஒரு மலை சீஸ் துருவிப் போடுகிறார்கள். வாசனைக்கு மட்டும் வாசலில் நின்றேன். எங்கள் வீட்டுக் கல்யாண பிரியாணி.

மார்ச் 8

கோடைக்கால நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். செயின்ட் லூயிஸில் இருந்தபோது அக்காவுக்கும் எனக்கும் பதினொன்றரை மணி நேரம், இங்கே வந்ததும் பத்தரை, இன்றைக்கு ஒன்பதரை. "கிட்ட வந்துட்டே இருக்க போலிருக்கு" என்றாள்.

பேச முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 10. டெட்ராய்ட்

சாலைக்குழிகள். உறைந்து உருகி உறைந்து உருகி, தார் பெயர்ந்து, ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர். ஒரு குழியில் இறங்கி ஏறினதில் கோடு கண்ணாடியின் மறு ஓரத்தைத் தொட்டுவிட்டது.

மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் போனேன். 1913-ல் திறந்தது, 1988-ல் கடைசி ரயில். அப்புறம் கண்ணாடி இல்லாத பதினெட்டு மாடி, முப்பது வருஷம். டெட்ராய்ட் அழிந்துவிட்டது என்று சொல்ல நினைத்தவர்கள் எல்லாரும் இதைத்தான் படம் எடுத்தார்கள். 2018-ல் ஃபோர்டு வாங்கி, 2024 ஜூனில் திறந்தார்கள். கூடத்தின் வளைகூரையில் 29,000 ஓடுகள். ரயில் மட்டும் திரும்பி வரவில்லை. அலுவலகங்கள். பரவாயில்லை, திறந்திருந்தது! மேடிசன் மாதிரியே போன உடனே உள்ளே விட்டார்கள்.

மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியங்களும் பார்த்தேன். 27 பலகங்கள், 1932-33. ஆலைத் தொழிலாளிகள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுக்கிறார்கள். பார்க்கிறவர் தோள்பட்டை வலிக்கும். முகங்களில் ஒன்று அசல் எங்கள் டீம் லீட். கடைசி நாளன்று என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டவர்.

மார்ச் 11

மெயில் இல்லை.

மார்ச் 12

இல்லை.

மார்ச் 13, வெள்ளி. டொலிடோ

எல்லா ஊரையும் விட்டுவிட்டு இந்த ஊரில்தான் கண்ணாடி மாற்றியிருக்கிறேன். 1888-ல் லிபி என்பவர் தன் கண்ணாடி ஆலையை மொத்தமாக இங்கே தூக்கிக்கொண்டு வந்தார், ஓவன்ஸ் இங்கேதான் பாட்டில் ஊதும் இயந்திரம் செய்தார், கார்க் கண்ணாடியும் பின்னால் இங்கே பெரிய தொழில். கண்ணாடி ஊர் என்றே பெயர். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன், அவருக்குத் தெரிந்திருந்தது, பணத்தில் ஒன்றும் குறைக்கவில்லை.

பசை காயும்வரை கலைக்கூடத்துக் கண்ணாடி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். 2006-ல் கட்டினது, சுவரே முழுக்க வளைந்த கண்ணாடி. உள்ளே ஒரு பையன் உலைக்கு முன்னால் நின்று ஜாடி ஊதிக்கொண்டிருந்தான். இரண்டு முறை உடைந்தது, மூன்றாவதும் கோணல்.

இரண்டு நாளைக்கு வண்டியைக் கழுவக் கூடாது, டேப்பை எடுக்கக் கூடாது, ஜன்னலை ஒரு விரல் இறக்கியே வைக்க வேண்டும் என்றார்கள். பில்லில் வீட்டு முகவரி கேட்டார்கள். ஷாம்பர்க் முகவரியையே சொன்னேன், மாத முடிவு வரை செல்லும். நாளை க்ளீவ்லாந்து. மழை என்கிறார்கள், ஜன்னலுக்கு ஏதாவது