சுண்டல், மீனாச்சி, நாங்கள் இருவர்: ஆர்.வி. நாட்குறிப்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு. ஃபோர்ட் ஸ்டாக்டன், டெக்ஸாஸ்

சான் அன்டோனியோவிலிருந்து காலை ஏழுக்கே கிளம்புவதாக இருந்தோம். பூனை மீனாச்சி கட்டிலடியில் பதுங்கிக்கொண்டதில் பத்தாகிவிட்டது. வாடகை ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, ஷவர் எல்லாம் உள்ள வீட்டு வண்டி), 25 அடி நீளம். இவர் ஓட்ட, அலமாரியில் எந்தப் பாத்திரம் உருள்கிறது என்று காது கொடுத்தபடி வந்தேன். ஐ-10 நெடுஞ்சாலையில் 300 மைலுக்கு மேல். நாய் சுண்டலுக்காக அடிக்கடி நிறுத்த வேண்டும். அந்தச் சாக்கில் நாங்களும் இறங்கிக் காலாற நடந்தோம். எனக்கு நைட் ஷிஃப்ட், இவருக்கு ஆன்-கால் என்று ஓடிய வருஷத்தில் இப்படி ஒன்றாக நடந்ததே அபூர்வம்.

பூனையின் மணல் தட்டு ஷவருக்குள் இருக்கிறது. குளிக்க வேண்டுமென்றால் அதை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே இன்று யாரும் குளிக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள். பைன் ஸ்பிரிங்ஸ்

குவாடலூப் மலை தேசியப் பூங்கா. மரத்தடி முகாம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம், ஆர்.வி.க்கு ஒதுக்கியிருப்பது தார் போட்ட பார்க்கிங்தான். கரன்ட் இணைப்பு கிடையாது, கழிவுநீர் கொட்டவும் வழியில்லை. ஆனால் கதவைத் திறந்தால் எதிரே மலை. டெக்ஸாஸிலேயே உயரமான சிகரம் (8,751 அடி) இங்கேதான்.

நாய்க்கு இங்கே அனுமதி ஒன்றிரண்டு பாதைகளில் மட்டும். 1858இல் தபால் குதிரை வண்டிகள் நின்று போன நிலையத்தின் இடிந்த சுவர் வரை ஒரு சின்னப் பாதை போகிறது. சுண்டல் ஒவ்வொரு புதரையும் மோந்து பார்த்ததில் அதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

நேர மண்டலம் மாறுவதால் பூங்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். மீனாச்சிக்கு அதெல்லாம் செல்லாது. பழைய நேரப்படி சாப்பாட்டுத் தட்டருகே வந்து கத்தினாள். போட்டுவிட்டேன். இரவு காற்று வண்டியையே ஆட்டியது.

நவம்பர் 12, செவ்வாய்

மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கு. மேப்பிள் இலை சிவக்கும் பருவம், நாய்க்கோ அனுமதி இல்லை. "நீ போயிட்டு வா, நான் இதுங்களோட இருக்கேன்" என்றார் இவர். வாலஸ் பிராட் என்ற நிலவியலாளர் 1930களில் கட்டிய கல் வீடு வரை தனியாக நடந்தேன், போக வர 4.8 மைல். இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் கடல் உயிரினங்களால் கடலடியில் வளர்ந்த பாறைத் திட்டு. பெர்மியன் காலம், 26 கோடி ஆண்டுக்கும் முன்னால். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத இரண்டரை மணி நேரம்! இவர் கூட வந்திருந்தால் போட்டோ எடுத்தே பொழுது போயிருக்கும்.

திரும்பி வந்தால் இவர் குறட்டை, வயிற்றின் மேல் பூனை. போன் டிராயருக்குள். புளிக்காய்ச்சல் கைவசம் இருந்ததால் சமையல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, புதன். ஆலிவர் லீ மாநிலப் பூங்கா, நியூ மெக்ஸிகோ

எல் பாஸோ வழியாக வந்தோம். அலமொகோர்டோவுக்குத் தெற்கே எல்லைக் காவல் சோதனைச்சாவடி. கிரீன் கார்டை நான் எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். அவர்களின் மோப்ப நாயைப் பார்த்துச் சுண்டல் போட்ட கூச்சலில் அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே கரன்ட் உண்டு, குக்கரில் சோறு. கழிவுத் தொட்டியைக் காலி பண்ணும் வேலை இவருடையது. ரப்பர் கையுறையோடு குழாயைப் பிடித்து நின்ற கோலத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். "இதுக்கா அமெரிக்கா போனீங்க?" என்று மாமியாரிடமிருந்து உடனே பதில்.

நவம்பர் 14, வியாழன்

ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா. 275 சதுர மைல் வெண்மணல், எல்லாம் ஜிப்சம் என்ற கனிமம். சாதாரணமாக ஜிப்சம் மழையில் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வெளியேற வழியே இல்லை. மலையிலிருந்து கரைந்து வந்தது இங்கேயே தங்கிப் படிகமாகி, காற்றில் பொடிந்து மணலாகிறது. அந்த ஜிப்சமும் பெர்மியன் கடல் விட்டுப்போனதுதான்.

முக்கியமான விஷயம், கயிறு கட்டியிருந்தால் நாயும் மணல்மேட்டில் ஏறலாம்! வெயிலிலும் இந்த மணல் சுடுவதில்லை. சுண்டல் தோண்டித் தள்ளியது. இவர் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கினார், இரண்டாவது முறை குப்புற. வயது 47. மீனாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள், இறங்க மனமில்லை.

நாளை மலையேறுவது இவர் முறை. நான் வண்டியில் இருக்கப் போகிறேன். மணல் தட்டை மாற்ற வேண்டும், அப்புறம் தூக்கம்.