பின்கட்டு கிச்சனுக்கு பிளான் அப்ரூவல் வாங்கின கதை, தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து

என்கிட்ட வாராவாரம் நைலான் முறுக்கு எடுக்கிற கடைக்காரர் 2024 நவம்பர் கடைசில போன் பண்ணி, இனிமே அனுமதிப் பேப்பர் இல்லாம உங்க சரக்கை வைக்க முடியாதும்மான்னு சொல்லிட்டாரு. அவர் மேல தப்பே இல்ல. அதுக்கு முந்தின மாசம்தான் சொவேட்டோ நலேடியில 6 பிள்ளைங்க டெர்புஃபாஸ்ங்கிற பூச்சிமருந்து விஷத்துல செத்துப்போச்சு, நாடே கொந்தளிச்சு, நவம்பர் 15 அன்னைக்கு ஜனாதிபதி ராமபோசா டிவில வந்து ஸ்பாசான்னு சொல்ற தெருமுனைச் சின்னக் கடைங்க, சாப்பாடு சம்பந்தப்பட்ட இடங்க எல்லாம் 21 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணும்னு சொல்லிட்டாரு. அப்புறம் அந்தக் கெடு 2025 பிப்ரவரி 28 வரைக்கும் நீண்டுச்சு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, அந்த நியூஸ் பார்த்துட்டு ரெண்டு நாள் சரியா தூங்கல. அதனால ரூல் வேணாம்னு ஒரு தடவை கூட நினைக்கல. எங்க போய் யாரைக் கேக்கிறதுன்னுதான் தெரியல.

நான் விருதுநகர் பக்கம், கல்யாணம் ஆகி டர்பன் வந்து 14 வருஷம் ஆகுது. வீட்டுக்காரர் இங்கயே பிறந்து வளர்ந்தவரு, அவங்க வீட்ல தமிழ் பாட்டுலயும் பூஜையிலயும்தான் இருந்துச்சு, நான் வந்தப்புறம்தான் அத்தைக்கு மறந்த வார்த்தையெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வந்துச்சு. அவருக்கு வேலை போனப்ப வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஷெட்ல முறுக்கு, சேவ் அண்ட் நட்ஸ், இட்லிப்பொடி போட ஆரம்பிச்சு வெஸ்ட்கிளிஃப்ல பங்களாதேஷ் மார்க்கெட்ல வெள்ளி, சனி மேசை போட்டோம். அங்கிருந்துதான் கடைங்களுக்கு சப்ளை. அந்த ஷெட் மாமனார் காலத்துல கட்டினது, பிளான் கிடையாது. இந்த ஏரியால பாதி வீட்டுக்குப் பின்னாடி இப்படி ஒண்ணு இருக்கும், மகனுக்கு கல்யாணம்னா ஒரு ரூம், வாடகைக்கு ஒரு ரூம், தையல் மெஷினுக்கு ஒரு ரூம்.

ஏன் அப்படின்னு யோசிச்சா இந்த ஊரு உருவான விதத்துக்குத்தான் போகணும். இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச, 1950ல வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வச்சு டர்பன்லயே கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ்ல இருந்தெல்லாம் நம்ம இந்திய ஜனங்களைக் கிளப்பி 1960கள்ல இங்க கொண்டாந்து போட்டாங்க. வாழைத்தோட்டமா இருந்த மேட்டுல ஒரே அச்சுல வரிசை வரிசையா வீடு, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவரு. காலைல வேலைக்குப் போயி ராத்திரி வந்து தூங்குறதுக்குன்னே போட்ட வரைபடம் அது. கேட்டோ மேனர்ல அத்தையோட அப்பா காய்கறித் தோட்டம் வச்சிருந்தாராம், இங்க வந்தப்ப கதவுக்கு முன்னாடி நாலு அடி மண்ணுதான். வீட்டுக்குள்ளயே ஒரு தொழில் நடக்கும்னு வரைஞ்சவங்க நினைச்சுக்கூட பார்க்கல, அதனாலதான் அறுபது வருஷமா ஜனங்க தாங்களாவே பின்னாடி கட்டிக்கிட்டே வர்றாங்க.

நான் முதல்ல செஞ்ச தப்பு, நேரா ஹெல்த் இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனது. சாப்பாடு தயாரிக்கிற இடத்துக்கு ஆர்638னு 2018ல வந்த விதிப்படி சர்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டிங்கிற சுகாதாரச் சான்று வேணும், அதைக் குடுக்கிறது அவங்கதான், சரி வாங்கிடலாம்னு போனேன். அந்த அம்மா வந்து பார்த்துட்டு, இடம் சுத்தமா இருக்கு, ஆனா இந்தக் கட்டடத்துக்கு அப்ரூவ்டு பிளான் எங்கன்னு கேட்டாங்க. இல்லன்னேன். கோவப்படாம உட்கார வச்சு சொன்னாங்க, முதல்ல கட்டடம், அப்புறம் வீட்ல தொழில் பண்ண பிளானிங் அனுமதி, அப்புறம்தான் நானு. சமைச்ச சாப்பாடா விக்கிறதா இருந்தா 1991 பிசினஸ் சட்டப்படி தனி லைசன்ஸும் வேணும்னாங்க. இந்த வரிசையை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் மிச்சம் ஆகியிருக்கும், அதுக்காகவே இதை எழுதுறேன்.

அடுத்த தப்புல காசும் போச்சு. மார்க்கெட்ல தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஒரு டிராயிங் போடறவர்கிட்ட 4,500 ராண்ட் குடுத்தோம். அழகா வரைஞ்சு குடுத்தாரு, ஆனா நகராட்சி பிளான் கவுண்டர்ல வாங்கவே இல்ல, ஏன்னா அவர் சாகாப்ல, அதாவது கட்டட வரைபடம் போடறவங்களைப் பதிவு பண்ற கவுன்சில்ல (SACAP) ரெஜிஸ்டர் ஆனவர் இல்ல. அந்த ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லாம பிளான் உள்ள போகாது. தயவுசெய்து அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி நம்பரை வாங்கி சாகாப் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டாவதா வந்த பொண்ணு ரெஜிஸ்டர் ஆனவ, வந்ததும் பேனாவே எடுக்கல, ஆன்ட்டி பழைய டிராயிங் இருக்கான்னு கேட்டா. அத்தை தன்னோட தகர டிரங்க்கைத் திறந்தாங்க. மேல கல்யாணப் பட்டு, அதுக்குக் கீழ மாமனாரோட சாவு சர்டிஃபிகேட், அதுக்கும் கீழ வீட்டுப் பத்திரம், அதுக்குள்ள எட்டா மடிச்ச ஒரு பேப்பர், மடிப்பு எல்லாம் கிழிஞ்சு ஓட்டையா இருந்துச்சு. அதை சாப்பாட்டு மேசைல விரிச்சு நாலு மூலைலயும் டம்ளர் வச்சுப் பார்த்தா வீடு, கக்கூஸ், அப்புறம் பின்னாடி முற்றத்துக்குக் குறுக்க புள்ளி புள்ளியா ஒரு கோடு. அந்தப் பொண்ணு விரலை அது மேல வச்சு, இது சூவர் லைன், கழிவுத்தண்ணிக் குழாய், உங்க வீட்டு லைன் மட்டும் இல்ல, வரிசைக்கே இதுதான்னா. உடனே வெளிய போய் எங்க தகரத் தொட்டியை நகர்த்துனோம். அடில, சிமெண்ட் பூசி மறைஞ்சு போன மேன்ஹோல் மூடி. பத்து வருஷத்துக்கு மேல அதுக்கு மேல நின்னுதான் அரிசி களைஞ்சிருக்கேன்.

அன்னைக்கு ரொம்ப அழுதேன். சூவர் மேல கட்டடம் இருந்தா அனுமதி வராது, வரவும் கூடாது, அடைச்சுக்கிட்டா மேல இருக்கிற நாலு வீட்டுத் தண்ணியும் என் கிச்சன்லதான் பொங்கும். ஷெட்ல ஒரு பக்கச் சுவரை இடிச்சு 1.2 மீட்டர் உள்ள தள்ளிக் கட்டணும். இன்னொரு பயமும் இருந்துச்சு, 1977ம் வருஷத்து 103ம் நம்பர் பில்டிங் சட்டப்படி அனுமதி இல்லாம கட்டினா ஒரு நாளைக்கு 100 ராண்ட் வரைக்கும் அபராதம்னு அதுலயே இருக்கு. மாமனார் கட்டினதுல இருந்து கணக்குப் பார்த்தா என்ன ஆகும்னு வீட்டுக்காரர் வாயைத் திறக்காம உட்கார்ந்துட்டாரு. அந்தப் பொண்ணுதான், நீங்களா முன்வந்து சரிபண்ணப் போறீங்க, முதல்ல பேப்பரைப் போடுங்கன்னு தைரியம் சொன்னா. அவ ஃபீஸ் 12,000, மூணு தவணைல வாங்கிக்கிட்டா, நல்லா இருக்கணும் அவ.

சுவரோட சுவர் ஒட்டின வீடுங்கிறதால பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட கையெழுத்து கேக்கப் போனேன். அவங்களுக்கு எண்ணெய்ப் புகை ஒரு வருத்தமா இருந்திருக்கு, இத்தனை வருஷம் சொல்லல. அந்த ஜன்னலை மூடிட்டு புகை போக்கியை மறு பக்கம் திருப்புறேன்னு சொன்னதும் கையெழுத்துப் போட்டாங்க. வாய்வார்த்தையா இல்லாம அதையும் டிராயிங்ல போடச் சொன்னேன்.

பிளான் உள்ள போச்சு. 500 சதுர மீட்டருக்குக் கீழ இருந்தா 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டத்துல இருக்கு, சொன்னாங்க, ஆனா ரிஜெக்ட். காரணம் மழைத்தண்ணி. எங்க வீடு சரிவுல இருக்கு, புதுக் கூரைத் தண்ணி நேரா கீழ் வீட்ல மண்ணு சரியாம தாங்குற ரீட்டெய்னிங் சுவர் மேல விழுற மாதிரி டிராயிங் இருந்திருக்கு. இதைப் படிச்சப்ப எனக்குக் கோவம் வரல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல இந்தப் பக்கத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க, சுவர் சரிஞ்சு மண்ணு வீட்டுக்குள்ள வந்ததை எங்க தெருவுலயே பார்த்தேன். கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க. கட்டரும் பைப்பும் போட்டு தண்ணியை ரோட்டுப் பக்கம் திருப்பி மறுபடி குடுத்தோம். ரிஜெக்ட் ஆன பிளானை ஒரு வருஷத்துக்குள்ள திருத்திக் குடுத்தா திரும்பக் கட்டணம் கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியாம புதுசா காசு கட்டத் தயாராயிடறாங்க, சிலர் வெறுத்துப்போய் விட்டுடறாங்க. அதே மாதிரி அப்ரூவ் ஆனதுல இருந்து 12 மாசத்துக்குள்ள வேலையை ஆரம்பிக்கலன்னா பிளான் காலாவதி ஆயிடும், கையில காசு சேர்றதையும் பார்த்துக்கிட்டு போடுங்க.

சுவரை வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மூணு சனி, ஞாயிறுல இடிச்சுக் கட்டினாங்க. வீட்டுத்தொழில் அனுமதி நோட்டீஸுக்கு அக்கம்பக்கத்துல யாரும் அப்ஜெக்ஷன் சொல்லல. அதெல்லாம் வேகமாவே முடிஞ்சது, கரண்ட் வேலைக்கு சர்டிஃபிகேட், கடைசியா கட்டடத்தைப் பயன்படுத்தலாம்ங்கிற ஆக்குபேஷன் சர்டிஃபிகேட். அதுக்கப்புறம் அதே ஹெல்த் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தாங்க. கை கழுவத் தனி சிங்க், சுடுதண்ணி பச்சத்தண்ணி ரெண்டும், கழுவுற மாதிரி வழவழன்னு சுவர், கக்கூஸ் கதவு கிச்சனுக்குள்ள திறக்கக் கூடாது, பொறுப்புல இருக்கிறவங்க உணவு சுகாதார டிரெய்னிங் முடிச்சிருக்கணும். நான் மாவு மூட்டையைத் தரைல வச்சிருந்தேன், அதை மட்டும் பலகை மேல ஏத்தச் சொல்லிட்டு கையெழுத்துப் போட்டாங்க. முதல் போன்ல இருந்து அன்னைக்கு வரைக்கும் 11 மாசம்.

நடுவுல வார்டு மீட்டிங் ஒண்ணு வந்துச்சு. நகராட்சிக்கு ஜூலை 1ல புது பட்ஜெட் வருஷம் தொடங்குது, அதுக்கு முன்னாடி ஐடிபிங்கிற நகராட்சி வளர்ச்சித் திட்டத்தோட டிராஃப்டை வச்சு ஜனங்களைக் கேட்பாங்க, 2000ல வந்த சட்டப்படி கேட்டே ஆகணும். நான் முதல் தடவையா எழுந்து நின்னேன். டிராஃப்ட்ல வேலைவாய்ப்பு, சிறுதொழில் ஒரு பக்கத்துல இருக்கு, வீட்டு வசதி வேற பக்கத்துல இருக்கு, எங்க ஊர்ல அது ரெண்டும் ஒரே ஷெட்ல நடக்குது, அதனால பிளான் ஆபீஸர், ஹெல்த் ஆபீஸர் ரெண்டு பேரையும் மாசம் ஒரு நாள் இதே ஹால்ல உட்கார வையுங்க, பழைய டிராயிங் காப்பியும் சூவர் மேப்பும் இங்கயே பார்க்கக் கிடைக்கட்டும்னு கேட்டேன். இங்கிலீஷ்ல பேசும்போது கை நடுங்குச்சு, எழுதியும் குடுத்துட்டு வந்தேன். இன்னும் பதில் வரல, அடுத்த மீட்டிங்குக்கும் போவேன்.

சர்டிஃபிகேட் இப்ப கிச்சன் கதவுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு, கடைக்காரர் வாரத்துக்கு 60 பாக்கெட் கேட்டிருக்காரு. போன வாரம் ரெண்டு தெரு தள்ளி சமோசா போடுற அக்கா, மகளோட ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பேப்பரைத் தூக்கிட்டு வந்தாங்க. பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல உங்க பின்கட்டுல மேன்ஹோல் எங்க இருக்குன்னு காட்டுங்கன்னு டேப்பை எடுத்துக்கிட்டு அவங்க கூடவே கிளம்பிட்டேன்.