கடற்கரை அளவீட்டுக்கு ஆராய்ச்சி நிதி: விண்ணப்பம் முதல் யூசி (பயன்பாட்டுச் சான்றிதழ்) வரை

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் அரசுச் செலவு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது தூண்டில் வளைவுதான், அதாவது அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல்வரிசை. அலை வாசலுக்கு வந்துவிட்ட ஊர் கல் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கல்வரிசை ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கத்து ஊரில் அரிப்பு கூடும். எந்த மாதம் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளக்காமல் கல் போட்டால், அடுத்த ஊருக்கும் கல் போட வேண்டிவரும். அந்த அளவீட்டுக்கு ஆகும் செலவை ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

மத்திய அரசின் நிதியில், மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மூன்றாண்டுக் கடற்கரை அளவீட்டுத் திட்டத்தை நடத்தி முடித்திருக்கிறோம். அடுத்து விண்ணப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

விண்ணப்பத்தில் கருவி விலையை வரியோடு சேர்த்தே போடுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18 சதவீதம். 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு முன்பு 10.5 லட்சம் போதும், இன்று 11.8 லட்சம் வேண்டும். பழைய விலைப்புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 1.3 லட்சம் துண்டு விழும். கருவிக்கான தலைப்பும் நுகர்பொருளுக்கான தலைப்பும் தனித்தனி; அனுமதி இல்லாமல் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் செலவு செய்தால் தணிக்கையில் நிற்கும்.

அனுமதிக் கடிதம் வந்ததும், அரசு நிதி வரவு செலவைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் கல்லூரியின் பதிவைச் சரிபாருங்கள். அறக்கட்டளை நடத்தும் கல்லூரி என்றால் தர்பன் எண்ணும் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளத்தின் பதிவு எண்) கேட்பார்கள். பதிவில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிவிடும். எங்களுக்கு வந்தது பூஜ்ய இருப்புக் கணக்கு. பணம் கல்லூரியின் கையில் இருக்காது, செலவு வரம்பு மட்டுமே தெரியும். மார்ச் 31 கடந்தால் மீதி வரம்பு காலாவதி. முன்பு வங்கியில் கிடந்த தொகை அடுத்த ஆண்டுக்கு நீளும். இந்த முறையில் அது நடக்காது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். நிதியாண்டுக்கு மார்ச் முடிவு. கடலுக்கு வேறு நாள்காட்டி. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மாவட்டம் இரண்டையும் வாங்குகிறது. மீன்பிடித் தடையும் இங்கே இரண்டு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. கடலடி மணல் எடுக்க வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) உள்ள விசைப்படகை வாடகைக்குப் பேசுவதென்றால் இந்த நாட்களைக் கழித்துத்தான் பேச வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தவணை ஜனவரியில் வந்தால் இரண்டு பருவமழையும் போயிருக்கும். கையில் மூன்று மாதமும், செலவழித்தே ஆக வேண்டிய வரம்பும் மிஞ்சும். அப்போது தேவையில்லாத வேதிப்பொருள் அலமாரியில் ஏறும், படகு தேவைப்பட்ட மாதங்களிலோ வாடகைக்குப் பணம் இருந்திருக்காது. கரைச் சரிவை மாதம் ஒருமுறை, வற்று நேரத்தில், ஒரே குறிக்கல்லிலிருந்து அளக்க வேண்டும். ஜூன், ஜூலை விட்டுப்போனால் அந்த ஆண்டின் அரிப்பு எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வு மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை). தவணை மூன்று மாதம் தாமதமானால் 1,11,000 ரூபாய் நிலுவை. வீட்டு வாடகையும் வங்கிக் கடனும் உள்ள பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அளவெடுத்துப் பழகிய கையும் கூடவே போகிறது.

தாமதத்தில் நம் பங்கு யூசி: வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் சான்றிதழ். அது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. மத்திய அரசின் நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம், தொடர்செலவுக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று. தனியார் கல்லூரி என்றால் சிஏ (பட்டயக் கணக்காளர்) கையொப்பமும் வேண்டும், அவர்களுக்கோ ஏப்ரலில் மூச்சுவிட நேரமிருக்காது. பில், இருப்புப் பதிவேட்டின் பக்க எண், கணக்கிலிருந்து போன தொகை மூன்றையும் மாதாமாதம் ஒத்துப் பார்த்து வைத்தால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடலாம். வட்டி ஏதும் வந்திருந்தால் அதை அரசுக்குப் பணம் கட்டும் இணையதளமான பாரத்கோஷில் கட்டிய ரசீதை இணைக்க வேண்டும். இணைக்காத ஒரே காரணத்துக்காகக் கோப்பு திரும்பும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் பணம் வராவிட்டால்தான் அரசியல் விவாதத்துக்குள் போக வேண்டும். ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் (2020-21) என்று மேடைகளில் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அறிவிப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2023 சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள்; அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. 2023-24 பட்ஜெட்டில் இதற்காக 2,000 கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 300 கோடிக்கும் கீழே இறக்கினார்கள். ஆகவே செலவு பட்ஜெட் ஆவணத்தில் மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்துப் படியுங்கள்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இரண்டாண்டு முந்தைய உண்மைச் செலவு.

பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு. பதிலுக்கு 30 நாள். அதை வைத்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வி எழுதிக் கொடுக்கலாம். மக்களவைக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். "ஆராய்ச்சிக்கு ஏன் பணம் குறைவு?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். யூசி சேர்ந்த தேதிக்கும் அடுத்த தவணை விடுவித்த தேதிக்கும் இடையே எத்தனை நாள், மாநிலவாரியாக, மூன்றாண்டுக்கு, என்று கேளுங்கள்.